ஏரியில் விட்ட மீன்கள்

ஜனவரி 6, திங்கள்

வந்து சேர்ந்துவிட்டேன். மூன்று விமானம், இருபத்தெட்டு மணி நேரம். கால் வீங்கி செருப்புக்குள் நுழையவில்லை.

விமான நிலையத்தில் ரெமிஜியுஸ் வந்து நின்றார். சங்கரியின் கணவர். இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அவரை நேரில் பார்த்திருக்கிறேன். "பயணம் நல்லா இருந்துச்சா அத்தை?" என்றார். "இருந்துச்சு" என்றேன். அதன் பிறகு ஆஸ்பத்திரி வரும்வரை முக்கால் மணி நேரம் காருக்குள் ஹீட்டர் சத்தம் மட்டும்தான்.

சங்கரிக்கு ஏழாம் மாதத்திலேயே பனிக்குடம் கசிய ஆரம்பித்துவிட்டது. மார்ச் பிரசவத்துக்கென்று எடுத்து வைத்திருந்த விசா இப்போது உதவியது. முப்பத்து நான்கு வாரம் ஆகும்வரை அவள் ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாதாம். இன்னும் ஐந்து வாரம். காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்க மாட்டார்கள், உடனே எடுத்துவிடுவார்கள்.

"எம்மா, மெலிஞ்சிட்டியே" என்றாள். நான் கேட்க நினைத்ததை அவள் முந்திக்கொண்டாள். கையில் ஊசி குத்தி வைத்திருந்தார்கள். கிளம்பும்போது என் முந்தானையைப் பிடித்து, "அவர ஒண்ணும் சொல்லாதம்மா" என்றாள். நான் என்ன சொல்லப் போகிறேன்?

வீடு சின்னது, சுத்தமானது. அடுக்களையில் எல்லாமே புதுப் பாத்திரம். ஒன்றிரண்டில் ஒட்டிய லேபிளைக்கூடப் பிரிக்கவில்லை. பிரிட்ஜில் பால், தயிர், காய்கறி. மீன் வாடை, கறி வாடை எதுவும் இல்லை. நான் பயந்து வந்தது அதற்குத்தான்.

ஜனவரி 7, செவ்வாய்

தூக்கம் முன்பின்னாக வருகிறது. ரசம் வைத்தேன்.

ஜனவரி 9, வியாழன்

ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. ஐந்தரைக்கு எழுந்து சமைத்து இரண்டு டப்பா கட்டுகிறேன். எட்டு மணிக்கு ரெமிஜியுஸ் என்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு ஆபீஸ் போகிறார். மாலை வந்து சங்கரியோடு இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு என்னை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் ஷிப்ட் பார்த்தவளுக்கு மணி அடித்தாற்போல் நடப்பது ஒன்றும் கஷ்டமில்லை. இந்த டைரிப் பழக்கமும் அங்கே வந்ததுதான். நாற்காலியை விட்டு எழுந்திருக்குமுன் அன்று நடந்ததை எழுதிவிட வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது.

சாப்பிடும்போது அவர் தலையைத் தூக்குவதில்லை. சாம்பார், அவியல், பருப்புத் துவையல், எதை வைத்தாலும் ஒரே அளவு சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. நானும் கேட்கவில்லை.

இன்று ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "எல்லாம் எப்படி?" என்றார். "குளிரு" என்றேன்.

ஜனவரி 11, சனி

காலையில் எழுந்தால் வீட்டில் ஆள் இல்லை. காரும் இல்லை. சங்கரிக்கு என்னவோ ஏதோ என்று வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். ஒன்பது மணிக்கு வந்து நிற்கிறார், கையில் தூண்டில் கோலோடு. கால்சட்டை முழங்கால்வரை ஈரம். விரல்கள் சிவந்து விறைத்திருந்தன.

"எங்க போயிட்டிய?"

"ஏரிக்கு அத்தை. சொல்லாமப் போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

வெளியே பூச்சியத்துக்கும் கீழே மூன்று டிகிரி. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், இவர் மீன் பிடிக்கப் போகிறார். எழுதக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மீனும் இல்லை. வெறுங்கை.

ஜனவரி 12, ஞாயிறு

இன்றும் போனார். இன்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்ததும் காப்பியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "ஒண்ணும் மாட்டலையா?"

"ரெண்டு மாட்டுச்சு அத்தை. விட்டுட்டேன்."

"பிடிச்சத எதுக்கு விடணும்?"

காப்பியைப் பார்த்துக்கொண்டே, "சும்மாதான்" என்றார்.

கிறுக்கு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஆஸ்பத்திரி அறையில் அடுப்பு ஏது? வீட்டிலேயே பொங்கி, டப்பாவில் கொண்டுபோய் நர்ஸ்மார் அறையில் இருக்கும் மைக்ரோவேவில் சூடு பண்ணினேன். டெனிஸ் என்ற நர்ஸ் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டாள்.

மீன் விவகாரத்தைச் சங்கரியிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். "பிடிக்கிறதும் விடுறதும்... என்ன விளையாட்டுட்டி அது, இந்த நேரத்துல?"

அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். "நீ இருக்கேல்லா வீட்டுல. எப்படிம்மா கொண்டு வருவாரு?"

நான் டப்பா மூடியைத் துடைத்தேன்.

"நீ வாரேன்னு சொன்ன அன்னைக்கே, புழங்குன சட்டி, கரண்டி, அருவாமனை எல்லாத்தையும் கட்டி அவரு பிரண்டு வீட்டுல கொண்டு வச்சிட்டாரு. பிரிட்ஜை ரெண்டு தடவ சோடா மாவு போட்டுக் கழுவுனாராம். மணப்பாட்டுல பிறந்த ஆளும்மா. கடல்லருந்து நூறு அடியில வீடு. மீனு இல்லாம அவருக்குச் சோறே இறங்காது."

"அப்ப ஏரிக்கு எதுக்குப் போணும்?"

"பயம் வந்தா தண்ணிப் பக்கம் போயி நின்னாத்தான் அவருக்கு மூச்சே வரும். என் முன்னால அழ மாட்டாரு."

மீதிப் பொங்கலைச் சாப்பிட்டு முடித்தாள். வெல்லம் கொஞ்சம் கம்மிதான்.

ஜனவரி 17, வெள்ளி

ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளையைச் சுற்றித் தண்ணீர் போன வாரத்தைவிடக் குறைந்திருக்கிறது. இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். அது போதும் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ரெமிஜியுஸ் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்கு ஏரிக்குப் போறியளா?" என்றேன்.

"வேண்டாம்னா போகல அத்தை."

"நானும் வாரேன்."

ஜனவரி 18, சனி

போனேன். சங்கரியின் கோட்டு, சங்கரியின் பூட்ஸ், தலையில் என் மப்ளர், அதற்கு மேல் கோட்டின் தொப்பி. கண்ணாடியில் பார்த்தால் யாரோ போலிருந்தது.

ஏரி பெரிது. நம் பாபநாசம் அணைபோல் ஒரு பக்கம் பாறை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கரையோரப் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி. தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. முதலில் காரிலேயே இருந்தேன். பத்து நிமிடத்தில் அலுப்புத் தட்டி இறங்கிவிட்டேன்.

பேசாத மனிதர் அங்கே பேசுகிறார். எனக்கு ஆச்சரியம்.

"இந்த மீனுக்குப் பாஸ்னு பேரு அத்தை. வாயப் பாத்தா நம்ம கொடுவா மாதிரி இருக்கும். கோடையில துள்ளித் துள்ளிக் கடிக்கும். இப்பக் குளிருல ரத்தமே மெதுவாத்தான் ஓடும் அதுக்கு. ஆழத்துல போயி அசையாமக் கெடக்கும். இரையத் தேடி வராது. நாமதான் அது வாய்க்கிட்ட கொண்டுபோயி வச்சிட்டுக் காத்துக் கெடக்கணும்."

ஏன் இந்தப் பாறைப் பக்கம் என்று கேட்டேன். பிற்பகல் வெயில் முழுவதும் கல்லில் விழுகிறதாம். கல்லில் தங்கும் சூட்டுக்குச் சின்ன மீன்கள் வரும். அவற்றுக்காகப் பெரிய மீன் கீழே கிடக்கும். கரையிலிருந்து நாலு எட்டிலேயே ஆழம் வந்துவிடுவது இன்னொரு காரணம். ஈயக் குண்டு வைத்த கொக்கியில் ஒரு ரப்பர் துண்டைக் கோத்து எறிகிறார். அது அடியில் போய் உட்கார்ந்ததும் ஒரு விரற்கடை இழுக்கிறார். பிறகு மனதுக்குள் இருபதுவரை எண்ணுகிறார். மறுபடி ஒரு விரற்கடை. ஒரு தடவை எறிந்து சுற்றி எடுக்க ஐந்து நிமிடம் ஆகிறது.

ஒன்றரை மணி நேரம் இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒன்று மாட்டியது. பச்சை முதுகு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு, அகன்ற வாய். கையுறையைக் கழற்றிக் கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் தொட்டார். காய்ந்த கை பட்டால் அதன் மேல் இருக்கும் வழவழப்பு போய்ச் சீக்கு வருமாம். கொக்கியை எடுத்துவிட்டு, அந்தப் பனித் தண்ணீருக்குள் முழங்கைவரை கையை விட்டு மீனைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது செவுளை இரண்டு மூன்று தடவை திறந்து மூடி, வாலை அசைத்து, தானாக நழுவிப் போகும்வரை.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. குளிர்.

"சூடா காப்பி இருக்கு" என்றேன். பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

இங்கே மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டுமாம். நேற்று மாலையே என் பேரில் ஒன்று எடுத்துவிட்டார். போனில் காட்டினார். "உலகம்மை சுப்பிரமணியம்" என்று என் பெயரும் சங்கரி அப்பா பெயரும் சேர்ந்து, மீன்பிடி லைசென்ஸில்! அவர்கள் இருந்திருந்தால் நெற்றியில் விபூதியோடு எழுந்து நின்று சிரித்திருப்பார்கள். அவர்கள் சிரிக்கத் தெரிந்த மனிதர். அவர்கள் இருந்திருந்தால் பல விஷயம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

கோலைக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சும்மா பிடித்திருப்பதில் என்ன?

தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் தொட்டபடி வைத்துக்கொள்ளச் சொன்னார். "குளிருல வெடுக்குன்னு இழுக்காது அத்தை. 'டிக்'னு ஒரு தட்டு. சில சமயம் அதுவும் இருக்காது. லேசா கனக்கும், அவ்வளவுதான். எனக்கே பாதி தெரியாமப் போயிரும்."

எனக்குத் தெரிந்தது. இரண்டு தடவை. இழுக்கத்தான் தெரியவில்லை.

"எப்படி அத்தை?" என்று வாயைப் பிளந்தார்.

நான் டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்தவள். எதிர்முனையில் ஒருவர் ரிசீவரை எடுத்துப் பேசாமல் இருந்தால் அந்த மௌனம் தனியாகத் தெரியும். வெறும் கம்பியின் மௌனம் வேறு, ஆள் இருக்கும் மௌனம் வேறு. இதை அவரிடம் சொன்னேன்.

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இந்த மூன்று வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு போன் அடிக்கும். எடுப்பேன். யாரும் பேச மாட்டார்கள். நானும் பேச மாட்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு வைத்துவிடுவாள். போன ஆகஸ்டில்தான் அந்தப் பக்கத்திலிருந்து "எம்மா" என்று கேட்டது.

ஜனவரி 22, புதன்

மத்தியானம் சங்கரிக்கு வலி எடுத்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. என்னை வெளியே அனுப்பிவிட்டு ஏழெட்டுப் பேர் உள்ளே போனார்கள். ரெமி ஆபீஸிலிருந்து வந்தபோது சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. வராந்தாச் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க" என்றேன். உட்காரவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இயந்திரத்தில் பேப்பர் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். குடித்தார். இன்னொன்று பிடித்துக் கொடுத்தேன். அதையும் குடித்தார்.

மாலை ஐந்து மணிக்கு வலி நின்றது. மருந்து கேட்டுவிட்டது. பிள்ளை உள்ளேதான் இருக்கிறது.

மூன்று வருடம் முன்னால், மே மாதம், திருநெல்வேலி வெயிலில் இவர் பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட யாரும் இல்லை, தனியாக. அண்ணன் நாற்காலியில் இருந்தார், நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் நின்றபடியே பேசினார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நெற்றி வியர்வையைக் கையால் துடைத்துத் துடைத்துப் பேசினார். அடுக்களையில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது.

ஜூலையில் மணப்பாட்டில் கல்யாணம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான்.

ஜனவரி 24, வெள்ளி

சங்கரி நன்றாக இருக்கிறாள். பூசணிக்காய் கூட்டு கேட்டாள். இங்கே பூசணி வேறு மாதிரி, ஆரஞ்சு நிறம். அதிலேயே செய்தேன்.

ரெமி ஒரு தோசைதான் சாப்பிட்டார். கன்னம் ஒட்டிவிட்டது. என் பெண்ணுக்குத்தான் சமைக்க வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 25, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாளை வாடைக் காற்றும் பனியும் வரும் என்று செய்தி. வானிலை மாறுவதற்கு முந்தின நாள் மீன் கொஞ்சம் இரை எடுக்கும் என்று ரெமி சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சங்கரியைப் பார்த்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு ஏரிக்குப் போனோம். வானம் ஈயம்போல் கிடந்தது. அவர் பாறையின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவே ஒரு முப்பது அடி.

பதினேழு எண்ணியிருப்பேன். தட்டு வந்தது. இல்லை, தட்டுக்கூட இல்லை. யாரோ அந்தப் பக்கம் ரிசீவரை எடுத்தார்கள். இந்தத் தடவை இழுத்தேன். கோல் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. இத்தனை கனம் அந்த அசையாத தண்ணீருக்குள் எங்கே இருந்தது?

"மாப்ள! மாப்ள, இங்க ஓடி வாங்க!"

ஓடி வந்தார். வழுக்கி ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டார். அப்படியே நின்றுகொண்டு, "விடாதீங்க அத்தை! கோல மேல தூக்குங்க! சுத்துங்க, சுத்துங்க, அவசரப்படாதீங்க" என்று கத்தினார். சுற்றினேன். அது ஒரு பக்கம் போனால் நானும் அந்தப் பக்கம் நடந்தேன். பாறையில் என் பூட்ஸ் இரண்டு தடவை சறுக்கியது. கடைசியில் அவர் குனிந்து அதன் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கினார். ஒரு கிலோவுக்குக் குறையாது.

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்திருக்க வேண்டும், தாடை வலிக்கிறது.

கொக்கியை எடுத்துவிட்டுத் தண்ணீரை நோக்கிக் குனிந்தார்.

"விட வேண்டாம்" என்றேன்.

"அத்தை?"

"வீட்டுக்குக் கொண்டு போவோம்."

"வேண்டாம் அத்தை. எனக்காகச் சொல்லாதீங்க. நீங்க புழங்குற எடம்."

"உங்களுக்காகத்தான் சொல்லுறேன். வேற யாருக்காகச் சொல்லணும்? மூணு வாரமா என் சாம்பாரத் தின்னு இப்படி ஓடாப் போயிட்டிய. நாளைக்குப் பிள்ளைய யாரு தூக்குறது?"

அவர் மீனைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது கையில் துடித்தது. "அத மட்டும் நான் பாக்காம முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கார் பக்கம் திரும்பி நின்றேன். அதை நான்தான் பிடித்தேன் என்பது எனக்கு மறக்காது. இலகுவாக எழுதிவிட முடியவில்லை. என் வாழ்நாளில் ஒரு கோழி முட்டையைக்கூட உடைத்ததில்லை.

வீட்டில் அவரே சமைப்பதாகச் சொன்னார். நீங்கள் வெளியே வைத்துக் கழுவி மட்டும் தாருங்கள் என்றேன். அவருடைய அம்மாவை போனில் கூப்பிடச் சொன்னேன். அங்கே விடிகாலை. ஜெசிந்தா என்று பெயர். இவ்வளவு நாளில் அவர்கள் குரலை நான் கேட்டது கிடையாது.

"நான் சங்கரி அம்மா பேசுறேன்."

பதறிய குரல். "பிள்ளைக்கு ஏதும்...?"

"பிள்ளை நல்லா இருக்கா. மாப்பிள்ளைக்கு மீன் கொழம்பு வைக்கணும். எப்படின்னு சொல்லுங்க மைனி."

மௌனம். ஆள் இருக்கும் மௌனம். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்கள். "நல்ல தண்ணி மீனா? அப்ப உப்பும் மஞ்சளும் போட்டு நல்லா ஒரசிக் கழுவச் சொல்லுங்க, சேத்து வாடை போவும். தேங்காயும் சீரகமும் வெண்ணெயா அரைங்க. புளி கம்மியா. கொழம்பு கொதிச்ச பெறவுதான் மீனு. போட்ட பெறவு கரண்டியால கிண்டக் கூடாது மைனி, ஒடஞ்சிரும். சட்டியப் பிடிச்சு ஒரு சுத்து, அவ்வளவுதான்."

மூக்கில் மப்ளரைக் கட்டிக்கொண்டு வைத்தேன். ஜன்னல் இரண்டையும் திறந்து விட்டேன். உப்புப் பார்க்க முடியாதே என்று தவித்தேன். கண்ணால் அளந்து போட்டேன்.

மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வழக்கம்போல் தலையைத் தூக்கவில்லை. முடித்துவிட்டு, "உப்பு கூடிட்டு அத்தை" என்றார். "ஆனா நல்லா இருக்கு."

ஜனவரி 26, ஞாயிறு

பனி கொட்டுகிறது. ஆஸ்பத்திரிக்கு மெதுவாகப் போய்ச் சேர்ந்தோம். ரெமி குனிந்ததும் சங்கரி அவர் சட்டையை மோந்து பார்த்தாள். "மீன் கொழம்பு! யாரு வச்சா?" அவர் என்னைக் காட்டினார். நம்பவில்லை. ஜெசிந்தா மைனியைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் நம்பினாள். பிறகு எனக்கும் வேண்டும் என்று அடம். நர்ஸ் டெனிஸிடம் கேட்டோம். இந்த ஏரி மீனில் பாதரசம் இருக்கும், வயிற்றுப் பிள்ளைக்காரி தொடக் கூடாது என்றுவிட்டாள். சங்கரிக்குக் கோபம். "நான் இங்க கெடக்கேன், நீங்க ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துட்டிய" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குகிறதே, அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 29, புதன்

முப்பத்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது. அண்ணன் போன் செய்தார். அங்கே என்ன சமையல் என்றார். மீன் குழம்பு வைத்தேன் என்றேன். லைன் கட்டாகிவிட்டது. மறுபடி அடிக்கவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

காலை ஆறு மணிக்குச் சங்கரிக்குக் காய்ச்சல். எட்டரைக்கு ஆபரேஷன். எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பெண் குழந்தை. ஒரு கிலோ எழுநூற்றைம்பது. அழுததாம், ரெமி கேட்டிருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மூக்கில் குழாய். சங்கரிக்கு மருந்து ஏறுகிறது.

பார்த்தேன். என் உள்ளங்கை நீளம்தான் முதுகு.

பிப்ரவரி 3, திங்கள்

சங்கரிக்குக் காய்ச்சல் விட்டது. பிள்ளைக்கு இன்னும் குழாய்.

பிப்ரவரி 5, புதன்

சங்கரி வீட்டுக்கு வந்தாள். பிள்ளை அங்கேயே. வெறும் கையோடு படியேறியவள் அடுக்களையில் நின்று அழுதாள். காலையும் மாலையும் வந்து பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ரெமியும் போட்டுக்கொள்கிறார். குளிர்த் தண்ணீரில் வெடித்த அந்தக் கைக்குள் பிள்ளை பயமில்லாமல் தூங்குகிறது.

பிப்ரவரி 8, சனி

வெயில் நன்றாக அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சங்கரி, "அந்த ஏரிய எனக்கும் காட்டுங்க" என்றாள். காரைப் பாறைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினோம். அவள் உள்ளேயே போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டாள். நான் கோலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு நேராக நின்றேன். ரெமி வெகு தூரம் தள்ளிப் போய் நின்றார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தெரிந்துதான் போனார் என்று நினைக்கிறேன்.

"இவ்வளவு மெதுவாவா?" என்றாள் சங்கரி.

"இவ்வளவு மெதுவாத்தான்."

தண்ணீரைப் பார்த்து நின்றதால்தான் சொல்ல முடிந்தது. அவள் முகம் தெரிந்திருந்தால் முடிந்திருக்காது.

"உன் கல்யாணத்தன்னைக்கு நான் பொறப்பட்டேன்ட்டி. காலையில அஞ்சு மணி பஸ். ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். திருச்செந்தூர் பஸ் நின்னுச்சு. ஏறல. மாமா என்ன சொல்லுவாரோன்னு நினைச்சேன். அடுத்த பஸ்ஸுல போவோம்னு உக்காந்தேன். ஒம்போது மணி வரைக்கும் பஸ்ஸு வந்துக்கிட்டேதான் இருந்துச்சு..."

அப்போது விரலில் அந்தத் தட்டு வந்தது. நன்றாகவே வந்தது. இழுக்கவில்லை. பேச்சு பாதியில் இருந்தது.

"மாமா ஒண்ணும் என்னக் கட்டிப் போடல. நான்தான் ஏறல. அத அவரு தலையில போட்டுட்டு மூணு வருசம் இருந்துட்டேன். தப்பு பண்ணிட்டேன்ட்டி."

நரம்பு லேசாகிவிட்டது. மீன் போய்விட்டது.

பின்னாலிருந்து சங்கரி சொன்னாள். "வராமப் போனது இன்னும் வலிக்கத்தாம்மா செய்யுது. இல்லன்னு சொல்ல மாட்டேன்." பிறகு, "மாதா கோயில் வாசல்ல போட்டோ எடுக்கும்போது எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஆளுக்கு எடம் விட்டு நின்னோம். அவருதான் விடச் சொன்னாரு. அத்தை லேட்டா வந்தாலும் வருவாங்கன்னாரு. வெயில்ல அரை மணி நேரம் நின்னோம். அப்புறம் அப்படியே எடுத்துட்டாங்க."

நான் கோலைப் பாறையில் சாய்த்துவிட்டுக் கார்ப் பக்கம் போனேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் ரெமி தண்ணீரைப் பார்த்தபடியே, எதையும் எறியாமல், வெறும் கோலோடு நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கல்யாண ஆல்பத்தைக் கேட்டு வாங்கினேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். சங்கரிக்கு இடப் பக்கம், ஜெசிந்தா மைனியின் அக்காவுக்கும் அவளுக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்கும் இடம். பின்னால் கோயில் படி தெரிகிறது. கொஞ்சம் கடலும்.

பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து அரிசி ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 22, சனி

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு கிலோ நூற்றைம்பது. குழாய் இல்லை, ஒன்றும் இல்லை, தானாக மூச்சு விடுகிறது, தானாகப் பால் குடிக்கிறது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. எழுத நேரமில்லை.